மாமன் மடி

எறங்கிருச்சுங்களா அந்தப் பொம்பள? போகட்டும். அது காங்கேயத்துல எறங்கற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு உக்காந்திருந்தேன். ஏனுங்க தம்பி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. தாராபுரத்துல கூட்டத்தோட கூட்டமா ஏறுச்சு, குழந்தைய உங்ககிட்ட நீட்டுச்சு, நீங்களும் வாங்கி மடியில வெச்சுக்கிட்டீங்க. யாரு, என்ன, எந்த ஊரு, ஒரு வார்த்தை கேட்டீங்களா? இப்பப் பாருங்க, பேண்ட்டெல்லாம் நனைஞ்சு கெடக்குது. சிரிக்கறீங்க. சிரிங்க. இந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் இருக்கறாங்க. யாரு புள்ளையானா என்ன, மடி ஒண்ணு கெடைச்சாப் போதுங்கறாங்க.

நான் அப்படி இல்லீங்க. நான் கேப்பேன். கேட்டதுக்குத்தான் இன்னைக்கு என்னைக் கெட்டவனாக்கி வெச்சிருக்காங்க.

எதுக்கா? சொல்றேன். ஈரோடு வரைக்கும் போறீங்களா? அப்பச் சொல்லலாம். பேரு ராக்கியண்ணன். தாராபுரத்துக்கு இக்கட்ட, இந்தப் பக்கமாத் தோட்டம். மாடு வெச்சுப் பால் ஊத்தறேன். மூணு பொண்ணுங்க. கூடப் பொறந்தது ஒரே தங்கச்சி, கோகிலவாணி. எங்கப்பன் போறப்ப அவ பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போகல. நாந்தான் வளத்துனேன். நாந்தான் படிக்க வெச்சேன். நாந்தான் சென்னிமலையில இடம் பாத்துக் கட்டிக் குடுத்தேன். பெட்சீட் யாவாரம் பண்ற குடும்பம். மாப்ள நல்லசிவம். வாயைத் தொறந்து அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாப்ல. நல்ல மனுசன்னு நெனச்சேன். பேசாத ஆளுங்களை நம்பக் கூடாதுன்னு அப்பத் தெரியல.

கட்டிக் குடுத்து வருசம் போகுது, போகுது, வயித்துல ஒண்ணும் தங்கல. கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்க போறதும் வர்றதுமா இருந்தாங்க. ஊசிங்கறாங்க, மாத்திரைங்கறாங்க, டெஸ்ட் டியூப்புங்கறாங்க. ஒவ்வொரு தடவையும் போறப்ப மூஞ்சியில வெளிச்சம் இருக்கும். வர்றப்ப இருக்காது. நான் சொன்னேன், விடு கோகிலா, ஆண்டவன் குடுக்கலைன்னா டாக்டரா குடுத்துருவான்னு. ஆறுதலாத்தான் சொன்னேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. அவளுக்கு எப்பவுமே ஆறுதல் சொன்னாப் புடிக்காது.

இதைக் கேளுங்க. எனக்கு மூணாவதும் பொண்ணாப் பொறந்துச்சு. நித்திலா. ஆஸ்பத்திரிக்குக் கோகிலா பாக்க வந்திருந்தா. அங்கயே சொல்லிட்டேன். "கோகிலா, இதை நீ எடுத்துக்கோ. நம்ம புள்ள, நம்ம ரத்தம். சட்டப்படி எழுதிக் குடுத்தர்றேன்"ன்னேன். எவன் சொல்லுவான் தம்பி? பெத்த புள்ளையைத் தூக்கிக் குடுக்கற அண்ணனை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?

அதுக்கு அவ என்ன கேட்டா தெரியுங்களா? "அண்ணிகிட்டக் கேட்டீங்களாண்ணா?"

அண்ணிகிட்ட என்னங்க கேக்கறது? ருக்குமணி சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டு அழுதுட்டிருந்தா. பெத்த பொம்பள அழத்தான் செய்வா, அது உடம்பு வாகு. கோகிலா போயி புள்ளையைத் தூக்கினா. கொஞ்ச நேரம் மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. சரி, எடுத்துக்குவான்னு நெனச்சேன். ருக்குமணி பக்கத்துல கொண்டுபோயிப் படுக்க வெச்சுப்போட்டு, "அழுவாதீங்கண்ணி, நான் எடுத்துட்டுப் போகல"ன்னா. அன்னையில இருந்து அவிய ரெண்டு பேரும் ஒரு கட்சி. நான் ஒரு கட்சி.

சொத்துக்காகத்தான் அண்ணங்காரன் புள்ளையைத் தள்ளி உடப் பாக்கறான்னு மாப்ள வீட்டுல யாரோ பேசுனாங்களாம். இருக்கற சொத்து யாருக்காச்சும் போய்த்தானே சேரோணும்? நம்ம புள்ளைக்குப் போனாத் தப்பா? நல்லதைச் சொன்னாலும் இந்த உலகம் அதுல ஒரு குத்தம் கண்டுபுடிக்கும்.

அதெல்லாம் பழைய கதை. நித்திலா எட்டாவது முடிச்சுட்டா. போன வருசத்துக்கு முந்தின வருசம், ஒரு நாள் மாப்ள போன் பண்றாப்ல. கோகிலா முழுகாம இருக்கறாங்கன்னு. நான் மாட்டுக் கட்டுத்தறியில நின்னுட்டிருந்தேன். அப்படியே நின்னுட்டேன். பொய் சொல்லப் போறதில்ல, கண்ணுல தண்ணி வந்துருச்சு. வளைகாப்புக்கு நான் செஞ்ச சீரை சென்னிமலையே பாத்துச்சு. பொண்ணு பொறந்துச்சு. பொண்ணுதானான்னு நான் ஒரு வார்த்தை சொல்லல, அதையும் கவனிங்க. ஆஸ்பத்திரிக்குப் போயித் துணியை விலக்கிப் பாக்கறேன், மூக்கு அப்படியே எங்கம்மா மூக்கு. நுனி கொஞ்சம் மேல தூக்கினாப்பல. எங்கம்மா பேரு பாவாயம்மா. நான் சொன்னேன், அம்மாவே வந்திருக்காங்க கோகிலா, பேரை வெச்சுருன்னேன். அவளும் பாவைன்னு வெச்சா. நான் ஊரெல்லாம் சொன்னேன். பால் சொசைட்டியில சொன்னேன், டீக்கடையில சொன்னேன், மூக்கு எங்கம்மா மூக்குன்னு. போன்ல போட்டோ வெச்சுட்டு, எங்கம்மா போட்டோவையும் பக்கத்துல வெச்சுக் காட்டுனேன். அத்தனை பேரும் ஆமா ஆமான்னாங்க.

இப்பச் சொல்லுங்க, நான் எவ்வளவு பெரிய முட்டாளா நின்னிருக்கேன்னு.

புள்ளைக்கு வயசு ஒண்ணாச்சு. மொட்டையடிச்சுக் காது குத்தறதுக்கு நாள் பாத்துட்டாங்க. மாப்ள குலதெய்வம் கோயில்ல. அழைக்கறதுக்கு ரெண்டு பேரும் தாம்பாளத்தோட வந்தாங்க. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானுங்களே குத்தோணும். எனக்கு மூணும் பொண்ணுங்க. அதுங்களுக்குக் குத்தறப்ப ருக்குமணியோட தம்பி மடியில உக்காந்துச்சுங்க. நான் இதுவரைக்கும் யாருக்கும் மாமனா உக்காந்ததில்ல. தோடுகூட முன்னாடியே செஞ்சு வெச்சுட்டேன். பெருசா இல்ல, புள்ளைக்கு உறுத்தாம இருக்கோணும்னு மொளகு அளவுக்குச் சின்னதா.

கோகிலா தாம்பாளத்தைக் குடுத்தா. மோர் குடிச்சா. அப்பறம் புருசனைப் பாத்தா. அவர் தலையக் கவுத்துக்கிட்டாரு. இவ சொல்றா, "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். பாவை எங்க ரெண்டு பேருக்கும் உண்டான புள்ள இல்லீங்கண்ணா."

எனக்குப் புரியல. தத்து எடுத்ததான்னேன். நான் வயித்தைப் பாத்திருக்கேனே, வளைகாப்புப் பண்ணியிருக்கேனே, எப்படித் தத்து?

அவ நிதானமாச் சொன்னா. என்னமோ பாடம் நடத்தற டீச்சர் மாதிரி. எத்தனையோ தடவை பண்ணிப் பாத்தாங்களாம். இவ கருமுட்டையும் நிக்கல, அவருதும் ஆகல. டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னாங்களாம். இதே மாதிரி வைத்தியம் பண்ணுன ஒரு புருசன் பொண்டாட்டிக்குப் புள்ள பொறந்துருச்சு. மிச்சம் நின்ன கருவை உறைய வெச்சிருக்காங்க. தேவைப்படறவங்களுக்குக் குடுங்கன்னு சொல்லிட்டாங்க. அவிய யாருன்னு இவங்களுக்குச் சொல்ல மாட்டாங்களாம். இவங்க யாருன்னு அவியளுக்கும் தெரியாதாம். அந்தக் கருவை இவ வயித்துல வெச்சு, அது தங்கி, பொறந்ததுதான் இந்தப் புள்ள.

ஐஸ்பெட்டியில வெச்சிருந்தது தம்பி! இட்லி சுட்டு மிச்சமான மாவைப் பக்கத்து ஊட்டுக்குக் குடுக்கற மாதிரி!

"அப்ப நம்ம ரத்தம் ஒரு சொட்டு இல்ல?"

"பத்து மாசம் என்ற ரத்தத்துலதானேண்ணா வளந்துச்சு?"

"வாடகை ஊட்டுல பத்து மாசம் இருந்தா ஊடு நம்முளுதாயிருமா?"ன்னு கேட்டேன். சரியாத்தானுங்களே கேட்டேன்? அவ மொகம் சுண்டிப்போச்சு. மாப்ள அப்பத்தான் வாயைத் தொறக்கறாப்ல. "மச்சான், அப்படிச் சொல்லாதீங்க"ன்னு. அவ்வளவுதான் அவருக்கு வர்றது.

இவ உடல. "உங்க மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டுத்தானே சினை புடிக்குது. எந்த ஊர்க் காளைன்னு கேட்டா போடறீங்க? கன்னு பொறந்தா உங்க கன்னுன்னுதானே சொல்றீங்க?" எப்படிப் பேசறா பாருங்க. படிக்க வெச்சேனே, அதுக்கு. நான் சொன்னேன், "அடி கிறுக்கி, கேட்டுத்தாண்டி போடறேன். அந்தக் காளைக்கு நம்பர் இருக்குது. அதோட ஆத்தா எத்தனை லிட்டர் கறந்துச்சுன்னு எழுதி வெச்சிருக்கான். உன்ற புள்ளைக்கு அதுகூட இல்ல. எந்தச் சாதி, எந்தக் கூட்டம், எந்த ஊரு, ஒரு எழவும் தெரியாது. குலமே தெரியாத புள்ளையைக் கொண்டுபோயிக் குலதெய்வத்துக்கு மொட்டையடிக்கறீங்களா? சாமி ஒத்துக்குமா?"

அப்பறம் நான் கேட்டேன். இதை எதுக்கு இப்ப என்கிட்டச் சொல்றன்னு. சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு எங்கம்மா மூக்குன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பேனே.

அதுக்குச் சொன்னா, "அதனாலதாண்ணா சொல்றேன். நீங்க மூக்கு மூக்குன்னு சொல்றப்பல்லாம் எனக்குத் தாங்க முடியல. தெரியாம உக்காந்தீங்கன்னா நான் உங்களை ஏமாத்துன மாதிரி. தெரிஞ்சு உக்காருங்க. எனக்கு அது போதும்."

நான் என்ன சொல்லுவேன்? மனுசனுக்கு ஒரு நேர்மை வேண்டாமா? "என்ற மடி தாய்மாமன் மடி. தரும சத்திரம் இல்ல"ன்னு சொல்லிட்டேன்.

அழுவான்னு பாத்தேன். அழுதிருந்தா ஏதோ யோசிச்சிருப்பேன். காலைப் புடிச்சிருந்தா, சரி போன்னு உக்காந்தாலும் உக்காந்திருப்பேன். அவ எந்திரிச்சா, சேலையை ஒதறுனா, "நாங்க வர்றோம்ணா"ன்னா. தாம்பாளத்தை மட்டும் திருப்பி எடுத்துக்கல. அங்கயே உட்டுட்டுப் போயிட்டா. திமிரு தம்பி. கொஞ்சமாவா?

எனக்குத் தூக்கமே புடிக்கல. என்னை ஏமாத்துனது போகட்டும், பாவம் அந்த மாப்ள ஊட்டுப் பெரியவங்களையுமல்ல ஏமாத்தறாங்கன்னு தோணுச்சு. மாப்ளையோட அம்மா எவ்வளவு ஆசையாப் பேத்தி பேத்தின்னு சுத்துது. உண்மையைச் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல? மறுநாளே பஸ் புடிச்சேன். இதே பஸ்தான். நேரா சென்னிமலை. கோகிலாவும் மாப்ளையும் கடைக்குப் போயிருக்கற நேரமாப் பாத்துப் போனேன். அந்தம்மா வாசல்ல சுண்டைக்காய் காய வெச்சுட்டிருந்துச்சு. குழந்தை பாய்ல உக்காந்து, காயற சுண்டைக்காயை எடுத்து எடுத்து வெளிய வீசிட்டிருந்துச்சு.

"அத்தைங்க, மனசைத் தேத்திக்கோங்க. உங்க மருமக உங்க தலையில மொளகா அரைச்சுட்டா"ன்னு ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் சொன்னேன். ஐஸ்பெட்டி வரைக்கும் சொன்னேன்.

அந்தம்மா சுண்டைக்காயைப் பரத்தறதை நிறுத்தவே இல்ல. "தெரியுமே"ங்குது.

"என்னங்க தெரியும்?"

"கோயமுத்தூருக்கு நாந்தானே கூடப் போனேன். கரு வெச்ச அன்னைக்கு அவ படுத்திருக்க, நான் வெளிய பெஞ்சில உக்காந்து முருகா முருகான்னுட்டிருந்தேன். உன்ற பொண்டாட்டியும் பக்கத்துல உக்காந்திருந்தா. அவதான் எனக்குக் காபி வாங்கிக் குடுத்தா."

கேட்டீங்களா? என்ற பொண்டாட்டி! காபி வாங்கிக் குடுத்திருக்கா!

நான் உக்காந்துட்டேன். அந்தம்மா சொல்லுது, "நீ ஊருக்குள்ள சொல்லோணும்னாச் சொல்லிக்க ராக்கியண்ணா. கோயில் நோம்பிக்குக் கட்டற மைக்கு வேணும்னாலும் தர்றேன். என்ற மகன் எத்தனை வருசம் தலைகவுந்து நடந்தான்னு எனக்குத் தெரியும். இந்தப் புள்ள வந்தப்பறந்தான் நிமிந்து நடக்கறான். எனக்கு அது பேத்தி. உனக்கு மருமகளா இல்லியான்னு நீதான் முடிவு பண்ணிக்கோணும். டீ போடட்டுமா?"

டீயாம். எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு எந்திரிச்சு வந்துட்டேன். அந்தக் குழந்தை ஒரு சுண்டைக்காயை என்ற மேல வீசுச்சு.

ஊட்டுக்கு வந்து ருக்குமணியை நிறுத்திக் கேட்டேன். "ஏண்டி, எங்கிட்டச் சொல்லாம கோயமுத்தூர் போயிருக்க? உங்கம்மா ஊட்டுக்குப் போறேன்னுதானே போன?"

அவ சோறு வடிச்சுட்டிருந்தா. "அம்மா ஊட்டுக்குப் போறேன்னு நான் சொல்லவே இல்லீங்களே. பையை எடுத்துட்டுக் கெளம்புனேன். நீங்களா அப்படி நெனச்சுக்கிட்டீங்க. எங்க போற, எப்ப வருவன்னு நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியான்னுதான் கேட்டீங்க."

இது ஒரு பதிலா தம்பி? கேக்கலைன்னா சொல்லக் கூடாதா? புருசனுக்குத் தெரியாம ஒரு பொம்பள கோயமுத்தூர் வரைக்கும் போயி இன்னொருத்தி வயித்துல கரு வெக்கறதுக்குக் காவல் உக்காந்திருக்கா. மாப்ளைக்குத் தெரியும், மாமியாக்காரிக்குத் தெரியும், என்ற பொண்டாட்டிக்குத் தெரியும். வளத்துன அண்ணனுக்கு மட்டும் தெரியாது. ரத்தம் என்ன ரத்தம், அதை உடுங்க. என்கிட்ட ஏன் சொல்லல? அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. "ஏன்னு உங்களுக்கே தெரியாதா?"ன்னு திருப்பி என்னையே கேக்கறா ருக்குமணி. தெரிஞ்சா நான் எதுக்குக் கேக்கறேன்?

காதுகுத்துக்கு நான் வரமாட்டேன்னு சொல்லிட்டேன். காதுகுத்து அன்னைக்கு விடியால பாத்தா, ருக்குமணியும் நித்திலாவும் தலைக்குக் குளிச்சு, நான் எடுத்து வெச்சிருந்த சீர்த்தட்டு, துணி, அந்தத் தோடு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுக் கெளம்பி நிக்கறாங்க. அந்தத் தாம்பாளத்துலயே அடுக்கி வெச்சிருக்கா. மூத்தவ கட்டிக் குடுத்த ஊட்டுல இருந்து நேரா வந்தர்றாளாம், ரெண்டாவதுக்கு காலேஜ்ல பரீட்சை. நான் தடுக்கல. எப்படியும் மாமன் இல்லாமக் காதுகுத்து நடக்காது, அவமானப்பட்டுத் திரும்பி வரட்டும்னு உட்டுட்டேன்.

அப்பறம் எனக்கு இருப்புக் கொள்ளல. நானும் போனேன். ஏன்னாப் பாருங்க, வெள்ளகோயில்ல எங்க பெரியப்பன் மகன் ஒருத்தன் இருக்கான். எங்க யாருக்கும் ஒரு வேளை சோறு போட்டதில்ல. அவன் நான் மடி குடுக்கறேன்னு துள்ளிட்டிருக்கறானாம். அவன் உக்காந்தா எனக்கு மரியாதையா? வளத்துனது நானு, உக்கார்றது அவனா? அதைப் பாக்கறதுக்குத்தான் போனேன். வேற எதுக்கும் இல்ல.

கோயில்ல நல்ல கூட்டம். நான் செருப்பு உடற பக்கம் நின்னேன். மொட்டையடிச்சு, சந்தனம் பூசிக் குழந்தையைக் கொண்டாந்தாங்க. ஆசாரி பலகையைப் போட்டு, கம்பியைத் தொடச்சு வெச்சுக்கிட்டு, "மாமன் யாருங்க? மாமன் வந்து உக்காருங்க"ன்னு சத்தம் போடறான்.

கோகிலா தலையத் தூக்கிப் பாத்தா. நேரா என்னைப் பாத்தா. அத்தனை கூட்டத்துல நான் நின்ன இடத்தை எப்படிக் கண்டுபுடிச்சான்னு தெரியல. பாத்துட்டே இருந்தா. எல்லாரும் திரும்பி என்னைப் பாக்கறாங்க. அந்த வெள்ளகோயில்காரன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு முன்னால வர்றான். இவ கையைக் காட்டி அவனை நிறுத்திட்டா. எனக்காகத்தான் நிக்கறா. அது எனக்குத் தெரியாம இல்ல.

அண்ணான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமில்ல? வாங்கண்ணான்னு ஒரே ஒரு தடவை? கூப்பிடல. முன்னமே வந்து கூப்பிட்டாச்சாம், அதுக்கு மேல கூப்பிட மாட்டாளாம். நானும் நகரல. கூப்பிடாம நான் போவனா?

நல்ல நேரம் போகுதுன்னு யாரோ சொன்னாங்க. ஆசாரி மறுபடியும், "ஏனுங்க, மாமன் வர்லீங்களா?"

கோகிலா என்ற கண்ணைப் பாத்துட்டே சொல்றா, "மாமன் வர்லீங்க. அத்தை வந்திருக்காங்க."

நான் அங்கதான் நிக்கறேன் தம்பி. உசிரோட நிக்கறேன். வர்லீங்கறா.

ருக்குமணி தட்டைக் கீழ வெச்சா. கல்யாணமாகி இத்தனை வருசத்துல நான் நிக்கறப்ப அவ உக்காந்து நான் பாத்ததில்ல. அவ பாட்டுக்குப் போனா, பலகையில சம்மணம் போட்டு உக்காந்தா, கையை நீட்டுனா. புள்ளையைக் கொண்டாந்து அவ மடியில வெச்சாங்க. ஒருத்தராச்சும், பொம்பள உக்காரலாமான்னு கேக்கோணுமே? கேக்கல. வெள்ளகோயில்காரன்கூட வாயை மூடிக்கிட்டான். ஆசாரி குத்தறான், புள்ள வீல்னு கத்துது. ருக்குமணி அதோட தலையைப் புடிச்சு நெஞ்சோட வெச்சுக்கிட்டு என்னமோ சொல்லிட்டே இருக்கா. என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கல. புடிக்கறதுகூடச் சரியில்ல. அப்படிப் புடிச்சா ரெண்டாவது காதுக்கு ஆடிரும். ஆடிருச்சு. கோணக் குத்திட்டான். எனக்கு அங்கிருந்தே தெரிஞ்சுது.

சாப்பாட்டுக்கு நான் உள்ள போகல. வெளிய வண்டிங்க நிக்கற இடத்துல உக்காந்திருந்தேன். நித்திலா தட்டுல சோறு போட்டு எடுத்துட்டு வந்தா. "சாப்பிடுங்கப்பா"ன்னா. சாப்பிட்டேன். சோத்து மேல என்ன கோவம்? அவ பக்கத்துல நின்னுட்டே இருந்தா. அப்பறம் கேக்கறா, "அப்பா, நான் பொறந்தப்ப என்னை அத்தைக்குக் குடுக்கறேன்னு சொன்னீங்களாமா?"

யாரு சொல்லிக் குடுத்தாங்களோ. ஆமான்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்னேன்.

"எடுத்திருந்தாங்கன்னா, எனக்குக் காது குத்தறப்ப நீங்க மாமனா வந்து உக்காந்திருப்பீங்களா?"

இது என்ன கேள்வி? "உக்காந்திருப்பேன் சாமி, சந்தேகமென்ன? நீ என்ற ரத்தமல்லோ"ன்னேன். சரியாத்தானுங்களே சொன்னேன்? அவ கொஞ்ச நேரம் என்னை வேடிக்கை பாக்கற மாதிரி பாத்தா. "உங்க ரத்தமா இருக்கப் போயித்தான் குடுக்கறேன்னீங்களா?"ன்னு கேட்டுட்டு, தட்டைக்கூட வாங்காமப் போயிட்டா. சின்னப் புள்ளைக்கு எவ்வளவு வாய் பாருங்க. எல்லாம் அவ அத்தை பழக்கம்.

ஊட்டுக்குக் கெளம்பலாம்னு ருக்குமணியைக் கூப்பிட்டேன். காது ஆறட்டும், இருந்துட்டு வர்றேன்னுட்டா. நித்திலாவுக்கும் பள்ளிக்கூடம் லீவு, அவளும் இருந்துக்கறாளாம். நான் ஒத்தையாத்தான் வந்தேன். வாரம் ரெண்டுக்கு மேலாச்சு. அங்கயேதான் இருக்கறாங்க. பாலைக் கறந்து ஊத்திப்போட்டு நானே சோறாக்கித் திங்கறேன். குழம்பு ஒரு நாளைக்கு உப்பு, ஒரு நாளைக்குச் சப்பு. பழகிக்கிட்டேன். யாரு வேணும் எனக்கு?

நேத்து ருக்குமணிக்குப் போன் பண்ணுனேன். மாட்டு விசயமாத்தான் பண்ணுனேன். அப்ப பின்னால புள்ள அழுகிற சத்தம் கேக்குது. என்னன்னேன். ஒரு காது புண்ணாயிருச்சாம், சீழ் வெக்குதாம், மருந்து போடப் போனாத் தலையை ஆட்டி ஆட்டிக் கத்துதாம். நான் அன்னைக்கே பாத்தேனே கோணக் குத்துனதை! நான் சொன்னேன், "உங்களுக்கெல்லாம் புடிக்கத் தெரியாதுடி. எத்தனை கன்னுக்குக் காதுல மருந்து உட்டிருக்கேன், ஆடாமப் புடிப்பேன். நாளைக்கு வர்றேன், மருந்தைப் போட்டுட்டு வந்தர்றேன்"ன்னேன். தப்பா?

அதுக்கு அவ சொல்றா, "மருந்து போடறதுக்கு இங்க டாக்டர் இருக்காங்க. மாமன்னு வர்றதா இருந்தா வாங்க. இல்லீன்னா வேண்டாங்க." வெச்சுட்டா. என்ற சோத்தைத் தின்னுட்டு எனக்கே கட்டளை போடறா.

மாமன்னு வரோணுமாம். அதை எப்படிங்க வர்றது? கேட்டைத் தொறந்து, நான் மாமன் வந்திருக்கேன்னு சத்தம் போட்டுச் சொல்லோணுமா? அந்தக் கெழவி சிரிக்காதா? கோகிலா நிமிந்து பாத்துட்டு, வர்லீன்னு சொல்லியாச்சேன்னு சொன்னா மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?

சென்னிமலை வந்துருச்சுங்களா? ஆமா, இது பஸ் ஸ்டாண்டுதான். இல்லீங்க, நான் எறங்கல. நான் எப்பச் சொன்னேன் எறங்கறேன்னு? ஈரோட்டுக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன், பாருங்க. கறவை மிசினுக்கு ஒரு சாமான் வாங்கோணும். தாராபுரத்துலயும் கெடைக்கும். ஆனா ஈரோட்டுல நல்லதாக் கெடைக்கும்.

எறங்கிப் போங்கன்னு நீங்க சொல்றது புரியுது. உங்க வயசுக்கு அப்படித்தான் தோணும். கூப்பிடாம எவன் போவான்? கண்டக்டர் ரைட்டு குடுத்துட்டான் பாருங்க. வண்டி நகந்துருச்சு. இனி பேசி என்ன பண்றது?

ஏனுங்க தம்பி, கொஞ்சம் எந்திரிச்சு இக்கட்ட வர்றீங்களா? நான் ஜன்னலோரமா உக்காந்துக்கறேன். ஆமா, அவ ஊடு இந்த ரோட்டு மேலதான், அந்தப் பச்சைக் கேட்டு. அதுக்கில்லீங்க. சும்மா, காத்துக்குத்தான்.